கலுகா, அலபூகா, தொல்யாத்தி: முதலீட்டுக்கு விரித்த மூன்று வலைகள்

ரஷ்யாவின் கலுகா மாகாணத்தில் எண்ணெய் கிடையாது, எரிவாயு கிடையாது, துறைமுகமும் கிடையாது. மாஸ்கோவுக்குத் தென்மேற்கே 200 கிலோமீட்டருக்குள், சுமார் 10 லட்சம் பேர் வாழும் இடம். ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி வாழ்ந்த ஊர் கலுகா. 1954-இல் உலகிலேயே முதன்முதலாக மின்தொகுப்போடு இணைந்த அணுமின் நிலையம் இருக்கும் ஒப்நின்ஸ்க்கும் இந்த மாகாணத்தில்தான். பெருமைக்குக் குறைவில்லை, பிழைப்புக்குத்தான் வழியில்லை. சோவியத் யூனியன் உடைந்ததும் ராணுவ ஆர்டர்களை நம்பியிருந்த ஆலைகள் படுத்துவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் 2006 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் அடிக்கல் நாட்டியது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆலை திறந்துவிட்டது.

எப்படி என்று பார்ப்பதற்கு முன் ஒரு பின்கதை. 2005-இல் ரஷ்ய மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆண்டுக்கு 25,000 கார் செய்யக்கூடிய ஆலையை உள்நாட்டில் கட்டுகிறவர்கள் உதிரிபாகங்களை மிகக் குறைந்த சுங்கவரியில் இறக்கிக்கொள்ளலாம். பதிலுக்கு, சில ஆண்டுகளில் பாகங்களில் ஒரு பங்கை உள்ளூரிலேயே செய்யத் தொடங்க வேண்டும். கார் விற்பனை எகிறிக்கொண்டிருந்த காலம் அது. ஆக, கம்பெனிகள் ரஷ்யாவுக்கு வருவது கிட்டத்தட்ட முடிவான சங்கதி. எந்த மாகாணத்துக்கு என்பதில்தான் போட்டி. டொயோட்டா, நிசான், ஹூண்டாய், ஜெனரல் மோட்டார்ஸ் நாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போயின. அங்கே துறைமுகம் இருக்கிறது. போதாக்குறைக்கு அதிபரின் சொந்த ஊர். மிச்ச மாகாணங்கள் ஆளுக்கொரு வலை விரித்தன. அதில் மூன்றை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தயார் மனையா, வரி விலக்கா?

கலுகா விரித்தது நிலம். 2000 முதல் 2020 வரை ஆளுநராக இருந்த அனத்தோலி அர்த்தமோனவ் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்: வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரஷ்யாவில் பெரிய பயம் வரி அல்ல, காலதாமதம். வயலை விலைக்கு வாங்கிவிடலாம். அந்த வயலுக்கு உயர் அழுத்த மின்சாரம் எப்போது வரும், எரிவாயுக் குழாய் எப்போது வரும், கழிவுநீர் எங்கே போகும், ரயில் பாதையிலிருந்து கிளைத்தடம் யார் போடுவார் என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினால் இரண்டு வருஷம் போய்விடும். போகிற இடத்திலெல்லாம் கை நீளும் என்பது வேறு கதை. எனவே மாகாணமே ஒரு வளர்ச்சிக் கழகம் வைத்து, கடன் வாங்கி, பழைய கூட்டுப்பண்ணை நிலங்களைச் சேர்த்து, மனையின் எல்லை வரை எல்லாவற்றையும் இழுத்து விட்டது. கிராப்ட்செவோ, வோர்சினோ, ரோஸ்வா என்று தொழிற்பேட்டைகள் முளைத்தன. வருகிறவர் கொட்டகை கட்டி இயந்திரத்தை இறக்கினால் போதும். முதலீட்டாளர்களிடம் ஆளுநர் தன் கைபேசி எண்ணையே கொடுத்துவிடுவார் என்றும் சொல்வார்கள்.

வரிசை கட்டி வந்தார்கள். 2008-இல் சாம்சங் டிவி ஆலை, 2009-இல் வோல்வோ லாரி, 2010-இல் பெஜோவும் மிட்சுபிஷியும் சேர்ந்து கட்டிய கார் ஆலை, அதே ஆண்டு லோரியல், 2013-இல் கான்டினென்டல் டயர். பூனைக்கும் நாய்க்கும் தீனி செய்யும் நெஸ்லேயின் ஆலை, இன்சுலின் செய்யும் நோவோ நோர்டிஸ்க். கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

ரஷ்யாவின் தத்தாரிஸ்தான் குடியரசில் இருக்கும் அலபூகா இதற்கு நேர் எதிர்த் திசை. மாஸ்கோவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் கிழக்கே, காமா நதிக்கரையில் யெலபூகா என்று ஒரு சின்ன ஊர். காடுகளை வரைந்த ஓவியர் ஷீஷ்கின் பிறந்த ஊர். கவிஞர் மரீனா ஸ்வெதாயேவா 1941-இல் உயிரை மாய்த்துக்கொண்ட ஊர். சோவியத் கடைசிக் காலத்தில் இங்கே பிரமாண்டமான டிராக்டர் ஆலை கட்டத் தொடங்கினார்கள், நாடு உடைந்ததும் அது அந்தரத்தில் நின்றுபோனது. அந்த இடத்தை 2005 டிசம்பரில் மத்திய அரசு அலபூகா என்ற பெயரில் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தது. செலவில் மத்திய அரசும் பங்கு போட்டது. கலுகா போலத் தனியாகக் கடனில் குதிக்க வேண்டியிருக்கவில்லை.

அலபூகா விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது லாபவரி. முதல் 5 ஆண்டு 2 சதவீதம், அடுத்த 5 ஆண்டு 7 சதவீதம், அப்புறம் 15.5. வெளியே அப்போது 20. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாபம் வந்தால்தானே லாபவரி? புது ஆலை முதல் நாலைந்து வருஷம் தேய்மானத்தையும் வட்டியையும் கழித்தாலே கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கும். பூஜ்யத்துக்கு இரண்டு சதவீதமும் பூஜ்யம், இருபது சதவீதமும் பூஜ்யம்.

உண்மையான சலுகை சின்ன எழுத்தில் இருந்தது. ஒன்று, சொத்துவரியும் நிலவரியும் 10 ஆண்டுக்கு இல்லை. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய வரி இது. இன்னொன்று, மண்டலத்தைச் சுற்றிய வேலிக்குள் சுங்கம் கிடையாது. ஜெர்மனியிலிருந்து ஒரு பிரஸ் இயந்திரத்தை இறக்கினால் முதல் நாளே கொட்ட வேண்டிய பணம் கையில் நிற்கும். ஆலை கட்டியவர்களைக் கேட்டால் தெரியும், ஐந்தாம் வருஷம் மிச்சமாகும் ஒரு ரூபாயைவிட முதல் நாள் மிச்சமாகும் அரை ரூபாய்தான் தூக்கம் தரும்.

அதைவிடப் பெரியது, எந்த விளம்பரமும் உண்டாக்க முடியாதது: அக்கம்பக்கம். சற்றுத் தள்ளினால் நபெரெஷ்னியே செல்னி. 1976 முதல் காமாஸ் லாரி இறங்கும் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிஷ்னெகாம்ஸ்க், பெட்ரோ ரசாயனத்தின் கோட்டை. கண்ணாடி நார், மரப்பலகை, காப்புக் கம்பளி, வாயு என்று அலபூகாவுக்கு வந்தவர்களில் பலருக்கு மூலப்பொருளோ வாடிக்கையாளரோ ஒரு மணி நேரத் தூரத்தில். கலுகாவுக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு இல்லை. அதற்கு இருந்தது மாஸ்கோ என்ற சந்தை மட்டும். மாஸ்கோக்காரர் கார் வாங்குகிற வரை கலுகா ஓடும், நிறுத்தினால் கலுகாவும் நிற்கும்.

நின்றது. 2012-இல் ரஷ்யாவில் 29 லட்சத்தை ஒட்டிப் புதுக் கார்கள் விற்றன. 2016-இல் அதில் பாதி. தொழிற்பேட்டைக்கு வாங்கிய கடனோ பாதியாகக் குறையவில்லை. வருமானத்துக்குக் கார்களையே நம்பியிருந்த மாகாண பட்ஜெட் எப்படி முழி பிதுங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தும், வருகிறவரை ஈர்ப்பது மட்டுமே பந்தயம் என்றால் என் ஓட்டு கலுகாவுக்குத்தான். மண்ணுக்கடியில் ஒன்றும் இல்லாத மாகாணம் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய சங்கதி.

ஒரே ஆலை, ஒரே முதலாளி

தொல்யாத்தி கதை சுருக்கம், ஆனால் கசப்பு. வோல்கா கரையில் ஃபியட்டோடு 1966-இல் ஒப்பந்தம் போட்டு, 1970-இல் முதல் ஷிகுலி கார் இறங்கிய ஊர். இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தோல்யாத்தியின் பெயரை ஒப்பந்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பே, 1964-இல், ஊருக்கு வைத்துவிட்டார்கள். சுமார் 7 லட்சம் பேர் வாழ்ந்த நகரம். அவ்தோவாஸ் என்ற ஒரே ஆலையில் உச்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். இங்கே முதலீட்டுக்கு விரித்த வலை இரண்டு: உள்ளே அவ்தோவாஸின் பங்குகள், வெளியே 2010-இல் அறிவித்த சிறப்பு மண்டலம்.

பங்கை ரெனோ வாங்கியது. 2008-இல் கால் பங்குக்கு 100 கோடி டாலர். அடுத்த வருஷமே சந்தை பாதியாகச் சுருங்கி, அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து ஆலையைத் தாங்கிப்பிடித்தது. 2014-இல் தலைமைக்கு வந்த ஸ்வீடன்காரர் போ ஆண்டர்சன் ஆளைக் குறைத்தார், தரம் சரியில்லாத உள்ளூர் சப்ளையர்களை நகர்த்திவிட்டு வெளியே வாங்கினார். வியாபாரமாகப் பார்த்தால் சரியான வைத்தியம்தான். ஊருக்கு அது வேப்பெண்ணெய். 2016-இல் அவர் போய்விட்டார்.

மண்டலத்தின் சிக்கல் வேறு மாதிரி. அலபூகாவில் கிடைத்த அதே வகைச் சலுகைகள் இங்கும் உண்டு. வேலை தெரிந்த ஆட்களுக்கோ பஞ்சமே இல்லை. கலுகா அதற்கெனப் பயிற்சி மையம் கட்டி ஆள் தயாரித்தது. இருந்தும் அலபூகா அளவுக்கு இது எடுபடவில்லை. உதிரிபாக ஆலை வைக்க வருகிறவர் முதலில் கேட்பது, சரக்கை யாருக்கு விற்பேன் என்பது. பதில் ஒரே பெயர். வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலையை அவர்தான் சொல்வார், பணத்தை எப்போது தருவது என்பதையும் அவர்தான் சொல்வார். எந்த வரி விலக்கும் அதை ஈடுகட்டாது.

மின்சாரம் மட்டும் போதும் என்றவர்கள்

இந்த மூன்றிலும் சேராத ஒரு வழியும் உண்டு. அதில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. வோல்கோகிராத் பக்கத்தில் வோல்ஷ்ஸ்கி என்ற ஊர். பெரிய நீர்மின் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1950-களில் எழுந்தது. அணை மின்சாரத்தை நம்பி அங்கே சிலிகான் கார்பைடு ஆலை ஒன்று வந்தது. மணலையும் பெட்ரோலியக் கோக்கையும் நீளமான உலையில் குவித்து, நடுவே கிராஃபைட் தண்டு வைத்து, மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். ஆறிய பிறகு உடைத்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாக மினுங்கும் படிகம். சாணைக்கல், உப்புத்தாள், உலைச்சுவர் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். இந்தத் தொழிலில் மின்சாரத்தைச் செலவு என்பதைவிட மூலப்பொருள் என்பதே சரி.

முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல், திருவொற்றியூரில் சாணைக்கல் செய்துவந்த கம்பெனி, 2007-இல் இந்த ஆலையின் பெரும்பங்கை வாங்கியது. தயார் மனைக்காகவோ வரி விலக்கு வேலிக்காகவோ தேடி வந்தவர்கள் இல்லை. ஓடிக்கொண்டிருந்த உலையும் பழகிய ஆட்களும் பக்கத்தில் அணையும் இருந்தன, அவ்வளவுதான். மாநாட்டு மேடைகளில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

2022

உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கிய பிறகு, வலை விரித்த மூன்று இடங்களும் ஒரே கேள்வித்தாளை எழுதின.

கலுகாவில் மார்ச் மாதமே ஃபோக்ஸ்வாகன் நின்றது. அடுத்த ஆண்டு ஆலை ரஷ்யக் கைக்கு மாறியது, கான்டினென்டல் டயரும் அப்படியே. ஆனால் பூனைத் தீனி ஆலை ஓடிக்கொண்டிருந்தது, இன்சுலினும் வந்துகொண்டிருந்தது. கார் ஆலைக்குப் பாகங்கள் கண்டம் தாண்டி வர வேண்டும். ஒரு மின்னணுச் சில்லு வராவிட்டாலும் முழு வரிசையும் நிற்கும். தீனிக்குத் தானியமும் இறைச்சியும் உள்ளூரிலேயே கிடைக்கும். மருந்துக்குத் தடையிலிருந்து விலக்கும் உண்டு. ரிப்பன் வெட்டும்போது யாரும் தீனி ஆலைக்கு அவ்வளவு கை தட்டியிருக்க மாட்டார்கள்.

தொல்யாத்தியில் அந்த ஜூனில் இறங்கிய அவ்தோவாஸின் லாடா கிராண்டா காரில் காற்றுப்பையும் இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. பாகம் இல்லாததால் விதியையே தளர்த்தி விற்றார்கள்.

யெலபூகாவில் வேன் செய்துவந்த ஃபோர்டு 2022 அக்டோபரில் கூட்டு நிறுவனத்திலிருந்து விலகியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே ஆலையிலிருந்து சீன வடிவமைப்பில் வேறு பெயரோடு வேன் வந்துவிட்டது. அலபூகா உயிர் தப்பியது என்று இதை வைத்துச் சொல்லலாம், ஆனால் என்னவாகித் தப்பியது? ஈரானிய ஷாஹெத் வகை ட்ரோன்கள் இன்று அந்த வேலிக்குள்தான் தயாராகின்றன. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா மண்டலத்தையே தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏப்ரல் 2 அன்று எல்லையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த உக்ரைன் ட்ரோன் ஒன்று அங்கே தங்கும் விடுதியில் மோதியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இளம்பெண்களைப் படிப்பும் வேலையும் என்று கூட்டிவந்து ட்ரோன் பூட்டும் வேலையில் வைத்ததாக அதே ஆண்டு செய்திகள் வந்தன. சுங்கமில்லாத வேலி, தயாரான மின்சாரம், அக்கம்பக்கத்து ஆலைகள்: ஐரோப்பியக் கம்பெனிகளுக்கென்று சேர்த்த அத்தனை வசதியும் ஆயுத ஆலைக்கும் அப்படியே பொருந்திப்போனது. இன்றைக்கு ஒரு மேற்கத்திய வியாபாரி அங்கே ஒரு சதவீத வரிக்குக்கூடக் கால் வைக்க முடியாது; வைத்தால் அவருடைய வங்கியே கணக்கை மூடும்.

இப்போது அந்தந்த இடங்களில் வலையில் விழுவது பெரும்பாலும் சீனக் கம்பெனிகள்தான். அவையும் ஆலை கட்ட முந்திக்கொண்டு வரவில்லை. துலா மாகாணத்தில் 2019-இல் கிரேட் வால் கட்டிய ஹவால் ஆலை போல முழு முதலீடு அபூர்வம். யாரோ விட்டுப்போன கொட்டகைக்குப் பெட்டியில் பாகங்களை அனுப்பிப் பூட்டச் சொல்வது மலிவு, ஆபத்தும் குறைவு. கலுகா கடன் வாங்கி இழுத்த மின்கம்பியும் ரயில் தடமும் இப்போது அந்த வேலைக்குப் பயன்படுகின்றன.

ரெனோ 2022 மே மாதம் தன் அவ்தோவாஸ் பங்கை ஒரே ஒரு ரூபிளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. 6 ஆண்டுக்குள் விரும்பினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. கெடு 2028-இல் முடிகிறது.