ஒரே தொடர், மூன்று நாற்காலிகள்: பழைய ஸ்டார் ட்ரெக் விண்போர் விளையாட்டுகளில் எதை எடுப்பது?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் விண்வெளிச் சண்டை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு எபிசோடைத்தான் காட்டுவேன். 1966 டிசம்பரில் ஒளிபரப்பான 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து திரியும், ரோமுலன் என்ற எதிரி இனத்தின் கப்பல் ஒன்று எல்லைக் காவல் நிலையங்களை அழித்துக்கொண்டே போகிறது. எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் கிர்க் துரத்துகிறார். அந்தக் கப்பல் திரும்பி ஒரு ப்ளாஸ்மா குண்டை ஏவுகிறது. கிர்க் முழு வேகத்தில் பின்வாங்க உத்தரவிடுகிறார். துரத்தி வரும் நெருப்புப் பந்து தூரம் கூடக் கூடச் சக்தி இழந்து, கடைசியில் எண்டர்பிரைஸை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிப்போகிறது.

குறிபார்த்துச் சுடும் வித்தை எதுவும் அந்தக் காட்சியில் இல்லை. எஞ்சினில் எவ்வளவு தெம்பு மிச்சம், எதிரி எவ்வளவு தூரத்தில், நம் கப்பலின் எந்தப் பக்கம் இன்னும் அடி தாங்கும் என்ற கணக்குகள்தான். நீர்மூழ்கிக் கப்பல் படங்களின் வார்ப்பில் எடுத்த கதை அது. ஸ்டார் வார்ஸ் பாணிக் குட்டி விமானச் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தச் சண்டையைக் கணினியில் பிடிக்கப் பார்த்த விளையாட்டுகளில் மூன்று இன்னும் பேசப்படுகின்றன: ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட் (1999), அர்மாடா (2000), பிரிட்ஜ் கமாண்டர் (2002). மூன்றே ஆண்டில் மூன்று விதமான விளையாட்டுகள் வந்ததற்கு உரிமம் பிரிந்து கிடந்தது ஒரு காரணம். கிர்க் காலத்துப் பழைய தொடரின் உரிமை இன்டர்ப்ளே கையில் இருந்தது. பின்னால் வந்த, கேப்டன் பிகார்ட் காலத்துத் தொடர்களுக்காக ஆக்டிவிஷன் 1998இல் தொடரின் உரிமையாளரான வயாகாமோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. முதல் விளையாட்டு அந்த வீடு, மற்ற இரண்டும் இந்த வீடு.

முதலில் ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட். என் ஓட்டு இதற்குத்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுநிலை தவறிவிட்டதாகச் சண்டைக்கு வரக் கூடாது.

இதன் பூர்வீகம் கணினி அல்ல, பலகை விளையாட்டு. ஃப்ரான்ஸ் ஜோசப் என்பவர் 1975இல் ஸ்டார் ட்ரெக் கப்பல்களின் வரைபடங்களைத் தொகுத்துத் தொழில்நுட்பக் கையேடு ஒன்றை வெளியிட்டார். அதை அடித்தளமாக வைத்து ஸ்டீஃபன் கோல் உருவாக்கிய 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' 1979இல் வந்தது. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், அட்டைத் துண்டுகள், பென்சில், கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எஞ்சின் தரும் சக்தியை வேகத்துக்கு இவ்வளவு, ஆயுதத்துக்கு இவ்வளவு, கவசத்துக்கு இவ்வளவு என்று தாளில் எழுதி ஒதுக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பச் செலவைப் பங்கு போடுவது போலத்தான், எல்லாவற்றுக்கும் போதவே போதாது. குவிக்சில்வர் நிறுவனம் அந்த விதிகளை எடுத்து, தாளையும் பென்சிலையும் கணினியிடம் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டது. கிடைத்ததுதான் ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட்.

கப்பலைச் சுற்றி ஆறு பக்கமும் ஆறு கவசங்கள். ஒன்று தேய்ந்தால் அந்தப் பக்கத்தை எதிரிக்குக் காட்டாமல் திருப்பிக்கொண்டு ஓட வேண்டும். கிர்க்கின் தரப்பான ஃபெடரேஷன் கப்பலின் ஃபோட்டான் டார்பிடோவுக்குச் சக்தி ஏற்ற இரண்டு சுற்று ஆகும். கூடுதல் சக்தி கொடுத்தால் இருமடங்கு அடி விழும், ஆனால் 8 கட்டத்துக்குள் நெருங்கினால்தான் அப்படிச் சுட முடியும். அந்த எல்லையில்கூட இலக்கில் படுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. எதிரிப் பேரரசான க்ளிங்கான்களின் ஆயுதமான டிஸ்ரப்டர் அப்படியில்லை. அடி சிறியது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சுடலாம்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து ஒரு முழுச் சண்டையே பிறக்கிறது. க்ளிங்கான்காரன் 15 கட்டத் தொலைவில் சுற்றிச் சுற்றி வந்து கொத்திக்கொண்டே இருப்பான். நெருங்கினால் உங்கள் டார்பிடோ அவனைப் பிளந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். நெருங்க உங்களுக்கு வேகம் வேண்டும். வேகத்துக்குச் சக்தி கொடுத்தால் டார்பிடோ பட்டினி கிடக்கும், டார்பிடோவுக்குக் கொடுத்தால் அவனைப் பிடிக்க முடியாது. நான் முதன்முதலில் தோற்ற ஐந்தாறு சண்டைகளும் இந்த ஒரே முடிச்சில்தான். கடைசியில் அவனை வரைபட ஓரத்துக்கு ஒதுக்கி, ஒரு பக்கக் கவசத்தைப் பலிகொடுத்து உள்ளே நுழைந்து நான்கு டார்பிடோவையும் விட்டேன். இரண்டு பட்டது. அந்த இரண்டே போதுமாக இருந்தது.

சரி, தொடக்கத்தில் சொன்ன ரோமுலன் காட்சிக்கு வருவோம். இந்த விளையாட்டில் ரோமுலன் ப்ளாஸ்மா டார்பிடோ தூரம் போகப் போகத் தேய்கிறது. கிர்க் செய்ததையே நீங்களும் செய்யலாம்: முகத்தைத் திருப்பி ஓடுங்கள், போகிற போக்கில் ஃபேசர் என்ற கதிர் ஆயுதத்தால் சுட்டு இன்னும் கொஞ்சம் கரையுங்கள். ஆளில்லாத சிறு ஓடம் ஒன்றை வெளியே தள்ளிப் பொய் இலக்காகவும் காட்டலாம். வேகத்தை அடியோடு குறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 33 ஆண்டுக்கு முந்தைய ஒரு தொலைக்காட்சிக் காட்சி இங்கே விதியாகவே மாறியிருக்கிறது. மற்ற இரண்டு விளையாட்டுகளும் தொடரின் முகங்களையும் குரல்களையும் கொண்டுவந்தன. இது மட்டுமே தொடரின் தர்க்கத்தைக் கொண்டுவந்தது.

குறைகளும் இருக்கின்றன. கடினம் என்பது சின்ன வார்த்தை. திரை முழுக்கப் பொத்தான்கள், பட்டிகள், எண்கள். சுலு வேடத்தில் நடித்த ஜார்ஜ் டக்கேயின் குரலே வந்து பாடம் நடத்துகிறது, அதைத் தாண்டிக் குதித்தால் நிச்சயம் வருந்துவீர்கள். சண்டை முழுவதும் ஒரே தளத்தில், மேசை மேல் நடப்பது போலத்தான் நடக்கும். மேலே கீழே போக முடியாது. கதை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. வரைபடத்தில் நகர்ந்து, வருகிற மிஷனை முடித்து, மதிப்புப் புள்ளி சேர்த்து, பெரிய கப்பல் வாங்குவீர்கள். ஆறு பேரரசுகளில் ஹைட்ரன், லைரன் இரண்டும் தொலைக்காட்சியில் தலைகாட்டாதவை. தொடரை மட்டும் பார்த்தவர்களுக்கு 'இவர்கள் யார்?' என்றுதான் தோன்றும். கோர்ன் பரவாயில்லை, 1967இல் கிர்க்கோடு மல்லுக்கட்டிய அந்தப் பல்லி மனிதரை யாரும் மறப்பதில்லை.

அர்மாடா நேர்மாறான பிள்ளை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட் விளையாடியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் கைவந்துவிடும். நிலவுகளிலிருந்து டைலித்தியம் என்ற கனிமத்தைத் தோண்டி, தளம் கட்டி, கப்பல்களை வரிசையாக உருவாக்கி, வளைத்துப் பிடித்து அனுப்ப வேண்டியதுதான். ஃபெடரேஷன், க்ளிங்கான், ரோமுலன், பாதி இயந்திரமான போர்க் இனம் என்று நான்கு தரப்பு. பேட்ரிக் ஸ்டீவர்ட்டும் மைக்கேல் டோர்னும் பிகார்டாகவும் வோர்ஃபாகவும் பேசுகிறார்கள். எதிர்காலத்திலிருந்து ஒரு கப்பல் வந்து போர்க் படையெடுப்பைப் பற்றி எச்சரிப்பதில் கதை ஆரம்பிக்கிறது, விறுவிறுப்பாகவே போகிறது.

இதில் எனக்குப் பிடித்தது மாலுமிக் கணக்கு. ஒவ்வொரு கப்பலிலும் இத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும். அடி வாங்க வாங்க அது குறையும். எல்லோரும் இறந்துவிட்டால் கப்பல் வெடிக்காமல் அநாதையாக மிதக்கும். யார் முதலில் ஆட்களை இறக்குகிறார்களோ அவர்களுக்கே சொந்தம். கவசம் விழுந்த எதிரிக் கப்பலையும் அப்படிக் கைப்பற்றலாம். சுடுவதை எப்போது நிறுத்த வேண்டும் என்று யோசிக்க வைக்கிற வியூக விளையாட்டு அபூர்வம்.

ஆனால் இது எந்த மாதிரி விளையாட்டு என்பதற்கு ஒரே ஒரு ஆயுதம் போதும். 1966இல் வந்த இன்னொரு எபிசோடில் கிர்க் ஒரு பொய் சொல்வார்: 'எங்கள் கப்பலில் கார்போமைட் என்ற பொருள் இருக்கிறது, எங்களைத் தாக்கினால் அடி உங்களுக்கே திரும்பும்.' அப்படி ஒரு பொருளே கிடையாது. சீட்டாட்டத்தில் வெறுங்கையோடு மிரட்டுகிற தந்திரம் அது. அர்மாடாவில் சாவரின் வகைக் கப்பலுக்கு 'கார்போமைட் பிரதிபலிப்பான்' என்று நிஜமாகவே ஓர் ஆயுதம் கொடுத்துவிட்டார்கள், அழுத்தினால் வேலை செய்கிறது! ரசிகனாகச் சிரித்தேன். அதே ரசிகனாகக் கொஞ்சம் வருத்தமும் பட்டேன். தொடரில் கேப்டனின் சாமர்த்தியமாக இருந்தது இங்கே ஒரு பொத்தானாகிவிட்டது. கப்பல்கள் இங்கே காலாட்படை போலத்தான், பத்து போனால் இன்னும் பத்து கட்டலாம். ஒரு கப்பலுக்காக மனம் பதறும் தருணம் கிடையாது.

மேட் டாக் நிறுவனம் உருவாக்கி 2001இல் வந்த அர்மாடா 2 கார்டாசியர்களையும் 8472 என்ற இனத்தையும் சேர்த்தது. அளவில் பெரிது, ஆனால் முதல் பாகத்தின் கச்சிதம் அதில் இல்லை. அதை வாங்குவதற்கு நல்ல காரணம் 'ஃப்ளீட் ஆபரேஷன்ஸ்' என்ற மாட், அதாவது விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்த இணைப்பு. விளையாட்டையே கிட்டத்தட்டப் புதிதாக எழுதிவிட்டார்கள்.

பிரிட்ஜ் கமாண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது எனக்கிருந்த எதிர்பார்ப்பு மிகப் பெரிது. எக்ஸ்-விங், டை ஃபைட்டர் விளையாட்டுகளைத் தந்த லாரன்ஸ் ஹாலந்தின் டோட்டலி கேம்ஸ் குழு. கதை எழுதியவர்களில் ஒருவர் டி. சி. ஃபான்டானா, பழைய தொடருக்கே எழுதியவர். நீங்கள் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எஃப்1 முதல் எஃப்5 வரை ஐந்து விசைகள், ஐந்து அதிகாரிகள். கப்பலோட்டும் கிஸ்காவிடம் போக வேண்டிய இடத்தைச் சொல்கிறீர்கள். ஆயுதம் கவனிக்கும் ஃபீலிக்ஸிடம் 'அந்தக் கப்பலின் எஞ்சினை மட்டும் முடக்கு' என்கிறீர்கள். அவர்கள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். எஞ்சினியர் ப்ரெக்ஸிடம் சக்திப் பட்டிகளை நூற்றுக்கு மேலேயும் தள்ளச் சொல்லலாம், சேமிப்பு கரையும் வரை.

தொடக்கத்திலேயே ஒரு சூரியன் வெடித்து உங்கள் கேப்டன் இறந்துபோகிறார், நாற்காலி உங்களுக்கு வருகிறது. அந்த முதல் அரைமணி நேரத்தில் இருக்கும் உணர்வு மற்ற இரண்டிலும் எங்குமே இல்லை. கப்பல் அதிரும்போது திரையும் அதிர்கிறது, பொறி பறக்கிறது, யாரோ சேத அறிக்கை படிக்கிறார்கள். வெளியே போய்ப் பார்த்தால் அடிபட்ட இடத்திலேயே கப்பலின் உடலில் ஓட்டை விழுந்திருக்கும். மூன்றில் முப்பரிமாணத்தில் நிஜமாகச் சுற்றி வர முடிவதும் இதில்தான்.

குறை என்னவென்றால், கட்டளை போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம், இல்லை வெளிப்பார்வைக்குப் போய் நீங்களே ஓட்டலாம். நீங்களே ஓட்டினால் எப்போதும் மேலான பலன். அதனால் நாற்காலியில் உட்காருவதற்காக வாங்கிய விளையாட்டில் பாதி நேரம் நாற்காலியை விட்டு எழுந்தே இருப்பீர்கள். சண்டையில் யோசனையும் மெல்லியதுதான். கவசத்தைத் திருப்பிக் காட்டு, டார்பிடோவை நேராக விடு, அதற்கு மேல் ஆழம் போகாது. கதை முடிந்தபின் திரும்பத் திரும்ப விளையாட வைப்பது மாட்கள்தான். மிஷன்களையும் கப்பல்களையும் பைதான் மொழியில் எழுதி வைத்ததால் ரசிகர்கள் உள்ளே புகுந்து இஷ்டத்துக்கு மாற்றினார்கள். 'கோபயாஷி மாரு' என்ற மாட்டை மட்டும் போட்டாலே புதிய விளையாட்டு வாங்கியது போல.

மூன்றையும் அடுத்தடுத்து விளையாடியதில் எனக்குப் புரிந்தது, தொடரில் ஒருவரே உட்காரும் நாற்காலியை இவை மூன்றாகப் பிரித்துக்கொண்டன. அர்மாடாவில் நீங்கள் தலைமையகத்தில் இருக்கும் அட்மிரல், கப்பல்கள் வெறும் எண்ணிக்கை. பிரிட்ஜ் கமாண்டரில் கேப்டனின் உடையும் மரியாதையும் கிடைக்கிறது, கேப்டனின் தலைவலி கிடைக்கவில்லை. ஸ்டார்ஃப்ளீட் கமாண்டில் மரியாதை கிடையாது, 'சரி கேப்டன்' என்று சொல்ல யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை, தலைவலி மட்டும் முழுசாகக் கிடைக்கிறது. எனக்கு அந்தத் தலைவலிதான் ஸ்டார் ட்ரெக். எஞ்சின் அறையைக் கூப்பிட்டு 'இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டும்' என்று கெஞ்சாத கிர்க்கை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உங்களுக்கு எது என்பது நேரத்தைப் பொறுத்தது. வார இறுதியில் நண்பரோடு ஒரு மணி நேரம் மோத வேண்டுமா, அர்மாடா முதல் பாகம். பிகார்ட் காலத் தொடர்களைப் பார்த்து வளர்ந்து, ஒரு கதையை உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்றால் பிரிட்ஜ் கமாண்டர். சதுரங்கம் ஆடுகிறவர், விதி படிக்கச் சலிக்காதவர் என்றால் ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட். மூன்றுமே கணினி விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி இணையதளத்தில் மறுபடி விற்பனைக்கு வந்தவை. இன்றைய மடிக்கணினிக்கு இவற்றின் கிராபிக்ஸ் ஒரு சுமையே அல்ல. அகலத் திரையில் படம் இழுபட்டுத் தெரிந்தால் ரசிகர்கள் செய்த திருத்த நிரல்களைத் (பேட்ச்) தேடிப் போடுங்கள்.

ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும், எந்தப் பாகம் என்று. டால்ட்ரன் நிறுவனம் உருவாக்கி 2000 இறுதியில் வந்த இரண்டாம் பாகம்தான் முழுமையானது. எட்டுப் பேரரசுகள், வலைவழிப் போர். அதில் வரும் மிராக் என்ற பூனை இனம் பலகை விளையாட்டில் க்ஸின்டி என்ற பெயரில் இருந்தது, உரிமச் சிக்கலால் பெயர் மாறியது. 2002இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட மூன்றாம் பாகம் பிகார்ட் காலத்துக்குத் தாவி, ஆறு கவசத்தை நான்காகக் குறைத்தது. பழகச் சுலபம்தான், ஆனால் திருப்பிக் காட்டி ஏமாற்ற இரண்டு பக்கம் குறைந்துவிட்டது. இரண்டாம் பாகத்தை எடுத்து, முதல் வாரம் ஆட்ட வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி வைத்து, ஒரு சிறு ஃப்ரிகேட்டோடு தொடங்குங்கள். எடுத்தவுடன் பெரிய கப்பலில் ஏறினால், எந்தக் கவசம் போனது என்று பார்த்து முடிப்பதற்குள் கப்பலே போயிருக்கும்.