பள்ளி ஆண்டு மலர்: சென்டர் பின்னா, பெர்ஃபெக்ட் பைண்டிங்கா?

ஆண்டு மலரின் பக்க வடிவமைப்பைத் தொடங்குமுன் அதன் கட்டுமானத்தை, அதாவது தாள்களை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதை, முடிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளோரம் எவ்வளவு விடுவது, குழுப்படத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

சென்டர் பின் முறையில் தாள்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, மடிப்பின்மீது கம்பி பின் அடிக்கிறார்கள். மடித்த தாள் ஒவ்வொன்றும் நான்கு பக்கங்கள் தருவதால், மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 50 பக்கத்துக்குச் செய்தி சேர்ந்துவிட்டால் 52 ஆக்க வேண்டும், அல்லது தாளாளரின் வாழ்த்துரையைச் சுருக்கி 48-க்குள் அடக்க வேண்டும். இரண்டாவதற்குப் பொறுப்பாசிரியர்கள் துணிவதில்லை. செலவு குறைவு, மலரும் நன்றாக விரிந்து கிடக்கும். நடுப்பக்கம் இரண்டும் ஒரே தாளில் வருவதால் பெரிய குழுப்படத்துக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. பக்கங்கள் கூடினால் மட்டும் உள்தாள்கள் வெளியே பிதுங்கி, ஓரம் வெட்டும்போது பக்க எண்ணும் சேர்ந்து வெட்டுப்படக்கூடும்.

பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பாரங்களை (அச்சிட்டு மடித்த தாள்தொகுதிகளை) அடுக்கி, முதுகைச் சீவிச் சொரசொரப்பாக்கி, சூடான பசையால் அட்டையோடு ஒட்டுகிறார்கள். முதுகில் பள்ளியின் பெயரையும் ஆண்டையும் அச்சிடலாம் என்பதால் நூலக அலமாரியில் தேடி எடுப்பது எளிது. ஆனால் மலர் முழுமையாக விரியாது. இரு பக்கங்களுக்குக் குறுக்கே வைத்த வகுப்புப் படத்தில் நடுவில் நிற்கும் பிள்ளையின் முகம் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

அறுபது பக்கங்களுக்குள் அடங்கும் மலருக்குச் சென்டர் பின்னே போதுமானது. நூறைத் தாண்டினால் பசைக்கட்டைத் தேர்ந்து, அட்டையை வடிவமைக்குமுன் அச்சகத்தாரிடம் முதுகின் கனத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது.