லண்டன் சிஸ்டம்: எல்லாம் சரி, அந்த பி2 சிப்பாயைத் தவிர

"சதுரங்கத்தில் வெள்ளைக்கு ஒரே ஒரு ஓப்பனிங் (தொடக்க நகர்வு வரிசை) போதும்னா லண்டனை எடுக்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். டி4, மந்திரி எஃப்4, இ3, சி3 (வெறும் கட்டத்தைச் சொன்னால் அது சிப்பாய் நகர்வு) என்று போகும் அடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே பல வருடம் ஆடினால்தான் உறைக்கிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அது பி2 சிப்பாய். சி1-ல் நிற்கும் மந்திரிதான் அதற்குக் காவல்.

"தியரியே (மனப்பாட நகர்வு வரிசைகளே) வேண்டாம், எதிராளி எதை ஆடினாலும் இதே பத்து நகர்வு" என்று சொல்லித்தான் லண்டனைத் தலையில் கட்டுகிறார்கள். அது பொய். மந்திரி எஃப்4-க்குப் போன நிமிடமே பி2 அநாதை. கறுப்பு சி5 தள்ளி, ராணியை பி6-ல் நிறுத்தினால் போதும், பத்து நகர்வுக் கதை அங்கேயே முடிகிறது.

எண்ணுக்குப் பின் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்வு: 1.டி4 டி5 2.மந்திரி எஃப்4 சி5 3.இ3 குதிரை சி6 4.சி3 ராணி பி6. இப்போது கை தானாக 5.ராணி பி3 என்று போகும். கறுப்பு சி4 தள்ளி விரட்டும். 6.ராணி சி2 என்று ஒதுங்கினால் வருகிறது 6...மந்திரி எஃப்5! சும்மா கிடைக்கிறதே என்று அதை வெட்டினால், கறுப்பு ராணி பி2-ஐ வெட்டி ஏ1 யானையையும் பி1 குதிரையையும் ஒருசேரப் பிடிக்கும். யானை போனது போனதுதான். 7.ராணி சி1 என்று பதுங்குவதுதான் வழி. 6-ல் ராணிகளை மாற்றிக்கொண்டாலும் நிம்மதி இல்லை. ஏ சிப்பாய் பி6-க்கு வந்து கறுப்பு யானைக்கு ஏ ஃபைல் (நெடுவரிசை) திறக்கும், அந்தச் சிப்பாயே பி5, பி4 என்று இறங்கி சி3-ஐ அரிக்கும்.

மருந்து, சி3-ஐத் தள்ளிப்போடுவது. 2...குதிரை எஃப்6 3.இ3 சி5 4.குதிரை எஃப்3 குதிரை சி6 5.பி1 குதிரை டி2. இப்போது ராணி பி6 வந்தால் 6.சிப்பாயால் சி5-ஐ வெட்டுங்கள். 6...ராணி பி2-ஐ வெட்டினால் 7.யானை பி1 ராணி சி3 8.மந்திரி பி5. கறுப்பு ராஜா இன்னும் நடுவில், ராணியோ வெள்ளையின் எல்லைக்குள் தனியாக. கறுப்பு 2...சி5 ஆடி, மூன்றாவது நகர்விலேயே, எஃப்6 குதிரை வருமுன், ராணி பி6 வந்தால் 4.குதிரை சி3! அவர் பி2-ஐ வெட்டினால் 5.குதிரை டி5-ஐ வெட்டும், அடுத்த குறி சி7. இதெல்லாம் தியரி இல்லாமல் வேறென்ன?

கறுப்பு ஜி6 ஆடி மந்திரியை ஜி7-ல் வைத்தால், வெள்ளையின் டி3 மந்திரி அந்த ஜி6 சிப்பாய்ச் சுவரில் முட்டும். இ2-ல் வையுங்கள். எஃப்4 மந்திரி பதுங்க ஹெச்3-யும் ஆடிவிடுங்கள்.

ஆனால் கறுப்பு டி6-ல் மந்திரியை வைத்து, ஜி3-ல் மாற்றிக்கொண்டு, காஸ்லிங்கும் (ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கும் நகர்வு) செய்துவிட்டால் அந்த ஆட்டத்தின் சுகமே தனி. ஹெச் சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். ஹெச்1 யானைக்கு நேர் வழி திறக்கும். காஸ்லிங் அவசரமில்லை. குதிரையை இ5-ல் நிறுத்தி எஃப்4 தள்ளுங்கள். எஃப்6 குதிரை டி7-க்கு நகர்ந்த கணம் டி3 மந்திரி ஹெச்7-ஐ வெட்டி செக், ஹெச்1 யானை காவல் நிற்பதால் ராஜாவால் அதை வெட்ட முடியாது, ராஜா ஹெச்8-க்கு ஒதுங்கினால் ராணி ஹெச்5, அடுத்து மந்திரி விலகினாலே செக். எத்தனை முறை வந்தாலும் சலிக்காது.

உச்சத்திலும் இதற்கு மதிப்பு உண்டு. 2023 அஸ்தானா உலக சாம்பியன்ஷிப் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் இதை வைத்துத்தான் ரஷ்யாவின் நெபோம்னியாஷியை வென்றார். 2024-இல் சிங்கப்பூரில், அதே 6-ஆவது ஆட்டத்தில், நம் குகேஷுக்கு எதிராகவும் ஆடினார். குகேஷ் டிரா செய்தார்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வருகிற எதிராளி முதலில் தேடுவது பி2-ஐத்தான். ரேபிட்டில் (குறைந்த நேர ஆட்டத்தில்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எதை ஆடுகிறேன் என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் வெள்ளை கிடைத்தால் மந்திரி எஃப்4-தான்.