மடலுக்குள் படம்: பதிப்பதா, சுட்டி தருவதா, இணைப்பதா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பையரிடம் (துணி வாங்கும் நிறுவனத்தாரிடம்) பேசி நடத்துபவராக, இருக்கிறேன். சாம்பிள் ஆடையின் கழுத்துப் பட்டியில் தையல் எங்கே சுருங்குகிறது, அச்சு எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் படம் எடுத்து, வெளிநாட்டு பையருக்கு மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்குவது அன்றாட வேலை. அந்த ஒப்புதலை நம்பித்தான் துணி கட்டிங் மேசைக்குப் போகும். ஆகவே மடலில் படத்தை எப்படி வைப்பது என்பது எங்களைப் பொறுத்தவரை அழகு சார்ந்த விஷயம் அல்ல. எல்லா வழிகளையும் பார்த்த பிறகு, படத்தை மடலின் உள்ளேயே பதித்து அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இணைப்புக் கோப்பாக அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்கும் திறக்கும், முழுத் தரத்தில் போய்ச் சேரும். ஆனால் ஆறு படங்களை இணைத்துவிட்டு “மூன்றாவது படத்தில் இடது தோளைப் பாருங்கள்” என்று எழுதினால், பெறுபவரின் திரையில் எது மூன்றாவதாக நிற்கும் என்பது நம் கையில் இல்லை.

இரண்டாவது வழி சுட்டி தருவது. அதில் படம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். மடலில் போவது அதன் முகவரி மட்டுமே. மடல் எடையே இல்லாமல் பறக்கும். கடைகளின் விளம்பர மடல்கள் இந்த முறையில்தான் வருகின்றன. ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து இத்தகைய படங்களைத் தன் சர்வர் வழியாக எடுத்துத் தானாகவே காட்டிவிடுகிறது. கணினியில் நிறுவப்பட்ட கிளாசிக் அவுட்லுக், தண்டர்பேர்டு ஆகிய மடல் செயலிகள் அப்படி அல்ல. பெறுபவர் அனுமதிக்கும் வரை வெளிப்படங்களைத் தடுத்தே வைக்கின்றன. காரணம் நியாயமானது: படம் சர்வரிலிருந்து இறங்கும் கணத்திலேயே, மடல் திறக்கப்பட்ட செய்தி அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் பையர்களில் பெரும்பாலோர் அலுவலகக் கணினியில் அவுட்லுக் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் படத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம் தெரிந்தால், பதில் வர ஒரு நாள் தள்ளிப்போகும்.

பதிக்கும் முறையில் படம் மடலின் ஒரு பகுதியாகவே பயணம் செய்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடையாளக் குறி இருக்கும். “இந்த இடத்தில் அந்தக் குறியுள்ள படம்” என்று மடலின் உரை சொல்லும். இந்தக் குறியை உரையில் சுட்டும் முறைக்கு 1998இலேயே பொதுத் தரம் வகுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து எதையும் எடுத்துவர வேண்டியதில்லை என்பதால், பெரும்பாலும் மடலைத் திறந்ததுமே படம் கண்ணில் படும். (படத்தை எழுத்துகளாக மாற்றி உரைக்குள்ளேயே திணிக்கும் இன்னொரு முறையும் உண்டு. ஜிமெயில் உட்படச் சில செயலிகள் அதைக் காட்டுவதில்லை என்பதால் விட்டுவிடலாம்.)

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்தது உடனே தெரிகிறது என்பதற்காக அல்ல, பல மாதங்கள் கழித்தும் படம் அங்கேயே இருக்கும் என்பதற்காக. ஆர்டர் எடுத்ததிலிருந்து ஷிப்மெண்ட் வரை ஒரே மடல் தொடர் நீண்டுகொண்டே போகும். இணைப்புக் கோப்போடு வந்த மடலுக்குப் பதில் எழுதினால், கோப்பு கழன்றுவிடும்; மடலை வேறொருவருக்கு அனுப்பும்போதுதான் அது கூடவே போகும். உரைக்குள் பதித்த படமோ, மேற்கோளாக வரும் பழைய உரையோடு சேர்ந்தே வருகிறது. “இந்த அளவு சுருக்கம் பரவாயில்லை” என்று பையர் எழுதிய வரிக்குக் கீழே, எந்தச் சுருக்கத்தைச் சொன்னார் என்பதற்கான படமும் நிற்கிறது. நடுவில் அந்தப் பக்கத்து ஆள் மாறினால், புதிதாக வந்தவர் கடைசி மடலைத் திறந்தாலே போதும். பேசி முடித்த ஒரு தையலுக்காக ஷிப்மெண்ட் நேரத்தில் தள்ளுபடி கேட்ட பையரிடம், பழைய தொடரை அப்படியே திருப்பி அனுப்பித்தான் பேச்சை முடித்தோம்.

சுட்டியில் இந்த உறுதி கிடையாது. கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையை யாரோ நகர்த்திப் பகிர்வை மாற்றினால், கணக்கு மூடப்பட்டால், படம் போயிற்று. அதைவிடக் கவலைக்குரியது, அதே முகவரியில் பிறகு வேறு படத்தை வைத்துவிட முடியும் என்பது. விளம்பர மடலுக்கு அது வசதி. ஒப்புதல் மடலுக்கு அது ஆபத்து. இப்போது பெரும்பாலான மடல்களில் அனுப்பும் சர்வர் இடும், மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் என்னும் கையொப்பம், மடலின் உடலோடு போகும் படத்துக்கும் பொருந்தும். சுட்டியின் மறுமுனையில் கிடக்கும் படத்தை அது தொடுவதே இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலை எடை. மடலில் போகும் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாறுவதால், 3 எம்பி படம் மடலில் 4 எம்பிக்குக் குறையாது. ஜிமெயிலின் 25 எம்பி வரம்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பும். ஒவ்வொரு பதிலும் அதே சுமையைத் திரும்பச் சுமக்கும். அதனால் படத்தை முதலில் ஆயிரம் பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஜேபெக்காகச் சேமித்த பிறகுதான் பதிக்கிறேன். மடல் எழுதும் பெட்டியில் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குவது பல செயலிகளில் தோற்றத்தை மட்டுமே குறைக்கும், எடையைக் குறைக்காது. ஐபோனில் எடுத்த, ஹெச்ஈஐசி என்ற கோப்பு வடிவில் உள்ள படங்களையும் மாற்றிவிடுவது நல்லது. எல்லாக் கணினியும் அவற்றைத் திறப்பதில்லை. இணையப் பக்கத்திலிருந்து படத்தை நகலெடுத்து ஒட்டுவதிலும் கவனம் வேண்டும்: ஒட்டப்படுவது சில நேரம் படமாக இல்லாமல் அதன் முகவரியாக இருக்கும். நம் திரையில் படம் தெரியும், பெறுபவரின் திரையில் தெரியாமல் போகலாம்.

எதிர்முனையில் ஒருவர் வெறும் உரை வடிவில் பதில் எழுதினால், பதித்த படமும் உதிர்ந்துவிடும். அதனால் இறுதி ஒப்புதல் கேட்கும் மடலில் மட்டும் அதே படத்தை முழுத் தரத்தில் இணைப்பாகவும் சேர்க்கிறேன். நிறத்துக்கு இந்த மூன்று வழியுமே உதவாது. திரைக்குத் திரை மாறும் நிறத்தை வைத்து யாரும் ஷேடு முடிவு செய்யக் கூடாது, லேப் டிப் (சாயமேற்றிய மாதிரித் துணித் துண்டு) கூரியரில்தான் போக வேண்டும்.

நான் சொல்வது ஒருவருக்கோ சிலருக்கோ எழுதும் வேலை மடல்களைப் பற்றி. ஆயிரக்கணக்கானோருக்குச் செய்திமடல் அனுப்புவதில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே எடைக் கணக்கு சுட்டியின் பக்கம்தான் சாயும் என்று நினைக்கிறேன்.

பதித்த படங்கள் பலவும் பெறுபவரிடம் இமேஜ்001, இமேஜ்002 என்ற பெயர்களில்தான் போய் நிற்கின்றன. பெயரை வைத்துத் தேட முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஸ்டைல் எண் (ஆடை வடிவமைப்பின் எண்), சாம்பிள் எந்தக் கட்டத்தது, தேதி மூன்றையும் எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுங்கள்.