நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கு, அங்கே கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளைப் பார்க்க, ஒரு நாளில் போய்வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்டு வைக்க வேண்டியது படகு நேரம். காலையில் எந்தப் படகு, பின்னேரம் கடைசியாகத் திரும்புவது எது என்று முதல் நாளே, படகு புறப்படும் குறிகட்டுவான் துறையிலோ தீவில் உள்ள யாரிடமோ விசாரியுங்கள். பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம். காற்று, கடல், பழுது என்று ஏதாவது ஒன்றால் நேரம் மாறும். நாங்கள் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு போயிருந்தது சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலம். வெளிநாட்டில் இருந்து வருகிற எங்களில் பலருக்கு ஆடி, ஆவணியில்தான் லீவு கிடைக்கிறது. கடல் ஆட்டம் காட்டுகிற காலமும் அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ் போகிறது. வான் வண்டியும் பிடிக்கலாம், ஆனால் பஸ் போதும், மலிவும்கூட. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை கடந்து, வாணர் தாம்போதியில் ஏறினால் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். பிள்ளைகள் யன்னலை விட்டு நகரவில்லை. இறங்குதுறையில் நிற்கிற சனத்தில் பெரும்பாலானோர் நயினாதீவுக்கு, நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள். நெடுந்தீவு வரிசை வேறு. கேட்டுப் போய் நில்லுங்கள், பலகையை நம்பி நிற்க முடியாது. அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும்.

படகுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நாங்கள் ஏறிய படகின் கீழ்த்தட்டில் இஞ்சின் புகை மணத்தது, வெக்கை வேறு. உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, நாங்களாக எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டோம். இது திருத்தப்பட வேண்டிய விஷயம். இந்தக் கடலுக்கு வேறொரு சோகமும் உண்டு. 1985 மே 15 அன்று இதே வழியில் வந்த குமுதினி என்ற பயணிகள் படகில் 30க்கும் மேற்பட்ட சனங்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் இறங்கினால், துறைக்குப் பக்கத்தில் அவர்களுக்கான நினைவுத்தூபி இருக்கிறது. குதிரை பார்க்க ஓடுமுன் அங்கே கொஞ்சம் நின்று போங்கள். பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னோம்.

நாங்கள் போன படகு தீவுச் சனங்களுக்கு ரோட்டு மாதிரி. ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் அதில்தான். எங்களுக்கு எதிரே மருந்துப் பையோடு ஒரு அம்மா மாடிப்படியில் குந்தியிருந்தார். இருக்கைகளில் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர். மகன் எழும்பி இடம் கொடுத்தான். சனி, ஞாயிறில் இந்த நெருக்கடி இன்னும் கூட என்றார் அந்த அம்மா. முடிந்தால் வார நாளில் போங்கள், காலையில் கொஞ்சம் பிந்திப் புறப்படும் படகைக் கேட்டுப் பாருங்கள்.

தீவில் ஆட்டோதான் வசதி. நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். எங்கெங்கே போவது, எத்தனை மணிக்குத் துறைக்குத் திரும்புவது என்று ஏறுமுன் பேசி முடித்துவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை. எங்களுக்கு வாய்த்த சாரதித் தம்பி அருமையான பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டில் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அப்படிச் சொல்லாவிட்டால் நல்ல சாப்பாடு கிடைப்பது சிரமம். கணவாய்க் கறியும் சோறும் இன்னும் நாக்கில் நிற்கிறது.

குதிரைகள் தீவின் தெற்கே, திறந்த புல்வெளிப் பக்கம். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை என்பார்கள். மட்டக்குதிரை என்பதால் உயரம் குறைவு. ஒல்லாந்தர் போனபின் ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. இப்போது அவை எவருக்கும் சொந்தமில்லாமல் கட்டாக்காலியாய்த் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் போகிற வழியில் அதைப் பற்றிச் சொல்லும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நுழைவதும் தெரியவில்லை, வெளியேறுவதும் தெரியவில்லை.

தம்பி தூரத்திலேயே இஞ்சினை நிறுத்தினார். "அக்கா, இதுக்கு மேல வண்டி வேண்டாம், நடந்து போவம்." காய்ந்த புல்லும் பவளக்கல்லும் கலந்த வெளியில் ஒரு சிறு கூட்டம் நின்றது. பெரும்பாலும் செம்மண் நிறம், பிடரி மயிர் சிக்கி முள்ளும் புல்லும் ஒட்டியிருந்தது. ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது, விலா எலும்பு எண்ணலாம். சீமெந்துத் தொட்டி ஒன்றின் அடியில் பாசிபிடித்த கொஞ்சத் தண்ணீர். தாய்க்குதிரை தலையை முழுதாக உள்ளே விட்டு, அதை உறிஞ்சிவிட்டு, ஈரச் சுவரை நக்கியது. வேறு ஆட்டோவில் வந்த சிலர் பிஸ்கட் பக்கெட்டை உடைக்க, தம்பி ஓடிப்போய்த் தடுத்தார். "அண்ணை, பிஸ்கட் வேண்டாம், தண்ணி இருந்தா அந்தத் தொட்டியில ஊத்துங்கோ."

தண்ணீர்தான் இந்தத் தீவின் பெரிய பிரச்சினை. பல கிணறுகள் உவர். சாரப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு, எல்லா இடமும் அப்படியில்லை. சனங்களுக்கே தட்டுப்பாடு வருகிற கோடையில் குதிரைகள் செத்த செய்திகள் பல வருடம் வந்திருக்கின்றன. அந்தக் குதிரைகளைக் காட்டித்தான் எங்களைத் தீவுக்கு அழைக்கிறார்கள். அப்படியானால் சுற்றுலாவில் வரும் காசில் ஒரு பங்கு அந்தத் தொட்டிகளை நிரப்பப் போக வேண்டும் என்பது என் எண்ணம். படகு டிக்கெட்டோடு ஒரு சிறு கட்டணம் கேட்டால்கூட மனமாரக் கொடுப்பேன், கணக்கு வெளியே தெரியட்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

மற்ற இடங்களும் பார்க்கத் தக்கவைதான்: கோட்டையின் சிதைவுகள், பெருக்குமரம் (பவோபாப்), ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு. எனக்குப் பிடித்தது பவளக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள். வீடு, காணி, ஒழுங்கை எல்லாவற்றுக்கும் அதே வேலி. ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், கல் சரியும்.

குறை என்றால் மலசலகூடம். நாங்கள் போன அன்று துறைக்குப் பக்கத்தில் இருந்தது பாவிக்கிற நிலையில் இல்லை. பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் சாப்பாட்டு வீட்டிலேயே கேட்டுப் போய்விடுங்கள், முகம் சுளிக்காமல் விடுவார்கள். குடிக்கிற தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே தாராளமாகக் கொண்டுபோங்கள், வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். தீவில் அவற்றைப் போட இடமில்லை. திரும்புகிற படகுக்கு அரை மணித்தியாலம் முந்தித் துறையில் நில்லுங்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சிலர், இடமில்லை என்று கரையிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது.