விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று பயமுறுத்தி 6,500 ரூபாய் வாங்கிய கடை

வீட்டில் பழைய லேப்டாப் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். "விண்டோஸ் 11 லைஃப்டைம், ஆபீஸ் லைஃப்டைம், ஆன்டிவைரஸ் மூன்று வருஷம், எல்லாம் ஒரே பேக்கேஜ்" என்று விளம்பரம் செய்யும் கடைக்கு அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைக் கொண்டுபோய், 6,500 ரூபாய் கொடுத்து, கெடுத்து வாங்கி வந்திருக்கிறார் என் சித்தப்பா. புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பெரிய பலன் இருக்காது. இதே பேக்கேஜ் பல ஊர்க் கடைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரி மாறாமல் ஓடுகிறது.

சித்தப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கம் வீடு. ராத்திரி டிவி விவாதம் பார்ப்பார், காலையில் அதற்கு மறுப்பு எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். லேப்டாப் அவருக்கு முக்கியமாக அதற்குத்தான். 2017-ல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, கடையில் வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் ஒரிஜினலாக இருந்தது.

2025 செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும் டிவியில் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். செப்டம்பர் 21-ல் பிரதமர் ஜிஎஸ்டி குறைப்பைப் பற்றிப் பேசும்போது சுதேசிப் பொருள் வாங்குங்கள் என்றார். மத்திய அமைச்சர்கள் ஒவ்வொருவராக நம் நாட்டு மென்பொருள் கம்பெனியான ஜோஹோவுக்கு மாறினார்கள். அக்டோபர் 8-ல் அமித் ஷா தன் மின்னஞ்சலையே ஜோஹோவுக்கு மாற்றியதாக அறிவித்தார். வாட்ஸ்அப் போல ஜோஹோ செய்த அரட்டை செயலி ஆப் ஸ்டோரில் முதலிடத்துக்குப் போனது. மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருப்பதால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் பெருமை இரட்டிப்பு. "வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறுங்கள்" என்ற செய்தி எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தது, வாட்ஸ்அப்பில்தான். எல்லாரும் கை கூப்பி ஆமோதித்துவிட்டு அங்கேயே இருந்தோம்.

இந்த அமளி ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்டோபர் 14 வந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்த நாள். டிவித் திரையின் அடிவரிச் செய்தியில் இரண்டும் மாறி மாறி ஓட, சித்தப்பா இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். அன்று ராத்திரி போனில், "ஏலே, நாம ஜோஹோவுக்கு மாறுனதும் அவன் கோவத்துல விண்டோஸையே நிறுத்திட்டான் பாத்தியா" என்றார். நான் சிரித்தேன். அந்தத் தேதி 2021-லேயே, விண்டோஸ் 11-ஐ அறிவித்த சமயத்திலேயே வெளியில் தெரிந்த தேதி என்று சொன்னேன். அவருக்கு அந்த விளக்கம் சப்பென்று இருந்திருக்கும் போல.

ஆதரவு முடிந்தது என்றால் மறுநாள் காலை லேப்டாப் எழுந்திருக்காது என்று அர்த்தம் இல்லை. எல்லாம் வழக்கம்போல ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்தான் நின்றுபோகும். அந்த அப்டேட் முக்கியம்தான். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்துக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளில்தான் மே மாதம் வான்னாக்ரை புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஆக, பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் டிவி சொல்லாத ஒரு பாதி உண்டு. விண்டோஸ் 10-ஐ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தருகிறது மைக்ரோசாஃப்ட். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், பதிவு செய்துகொள்ளச் சொல்லி ஒரு இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதனுடன் ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு இல்லை. அது பிடிக்காதவர்கள் 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1,000 புள்ளிகள் இருந்தால் கொடுக்கலாம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் இந்த நிபந்தனையையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் கொடுத்த நெருக்கடியில், அங்கே உள்ளவர்களுக்கு ஒத்திசைவு நிபந்தனை இல்லாமலே இலவசம் என்று கம்பெனி இறங்கி வந்தது. அதே வாரங்களில் நம் சேனல்கள், எந்த ஆப் தேசபக்தி, எந்த ஆப் தேசத்துரோகம் என்று நான்கு பேரை உட்காரவைத்துத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தன. இலவச நீட்டிப்பைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தக் கடைக்காரருக்கு வியாபாரமே இருந்திருக்காது.

கடைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில் ஒரு சின்ன அறை. படியேறியதும் சுவரில் லேமினேட் செய்த ஒரு படம். விமான நிலையத்தில் வரிசையாக நீலத் திரைகள். "சார், அப்டேட் இல்லாத சிஸ்டத்துனால ஏர்போர்ட்டே நின்னுச்சு" என்று அதைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். அது 2024 ஜூலை 19-ல் நடந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். அன்றைக்கு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததற்குக் காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட். பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் விழுந்த கணினிகளின் படத்தைக் காட்டி, அப்டேட்டையும் பாதுகாப்பு மென்பொருளையும் விற்கிறார்கள். தைரியம் வேண்டும்.

சித்தப்பாவின் கொள்கை தெரிந்ததும், ஆன்டிவைரஸ் "சுதேசி" ஆகிவிட்டது. பில் கேட்டபோது, "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சன்ட் கூடும் சார், உங்களுக்கு எதுக்கு?" என்றார்களாம். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் "சர்வீஸ் 5,700, டேட்டா பேக்கப் 800" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் ரசீது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம், அதாவது விண்டோஸின் உரிமத்தைக் காட்டும் இடம். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் இயக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் இருந்தது. சித்தப்பாவுக்கு ஏது நிறுவனம்? பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக உரிமம் வாங்கும்போது, தங்கள் அலுவலக சர்வரை வைத்து ஆக்டிவேட் செய்துகொள்ளும் முறை அது. திருட்டு ஆக்டிவேட்டர்கள் அதைப் போலி செய்கின்றன. அந்த ஆக்டிவேஷனின் ஆயுள் 180 நாள். அதற்குள் சர்வரைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடை விற்ற லைஃப்டைம் ஆறு மாசம்.

மூன்று வருஷ ஆன்டிவைரஸைத் திறந்தால், 30 நாள் இலவச ட்ரையல். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக் கூடியது. அதை நீக்கியதும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் விழித்துக்கொண்டது. விழித்தவுடன் அதன் விலக்குப் பட்டியலைப் பார்த்தேன். சி டிரைவில் ஒரு ஃபோல்டரைச் சோதிக்காதே என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்கள். ஆக்டிவேட்டர் இருந்த ஃபோல்டர். அதை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் காவல்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். அப்புறம், ஏழாம் தலைமுறை சிப் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அனுமதி. சோதனையை ஏமாற்றி ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்டேட் நின்றுவிடும் என்று பயந்து போனவருக்கு இதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆபீஸில் நடந்திருப்பது இதையெல்லாம் விட மோசம். தயவுசெய்து இதை மட்டுமாவது உங்கள் வீட்டுக் கணினியில் பாருங்கள். வேர்டைத் திறந்து மேலே வலது மூலையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த, யாரென்றே தெரியாத ஒரு பயனர் பெயர். கடைக்காரர்கள் சில நூறு ரூபாய்க்கு வாங்கி விற்கும் "லைஃப்டைம் கணக்கு" இதுதான். அது வேறு யாரோ ஒருவர் நிர்வகிக்கும் கணக்குத் தொகுப்பில் ஓர் உறுப்பினர் கணக்கு. கோப்பைச் சேமித்தால் அது நேராக அந்தக் கணக்கின் ஒன்டிரைவுக்கு, அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகத்துக்கு, போகும்படி அமைந்திருந்தது. அந்த நிர்வாகி நினைத்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், நினைத்த அன்று கணக்கை மூடலாம், அதோடு கோப்புகளும் போகும். சித்தப்பாவின் ஆதார் ஸ்கேன், பென்ஷன் காகிதங்கள், பேத்தியின் காதுகுத்துப் படங்கள், ஜிஎஸ்டி பற்றி அவர் எழுதிய ஏழு பக்க மறுப்பு, எல்லாம் அங்கே இருந்தன. அந்த நிர்வாகி கடைசிச் சமாச்சாரத்தைப் படித்திருந்தால் அவர் மேல் எனக்கு இரக்கம்தான். மற்றவை சிரிக்கிற விஷயம் இல்லை. நாட்டின் தகவல் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று டிவி முன்னால் உட்கார்ந்து கை தட்டியவரின் ஆதார் அட்டை, யாரென்று தெரியாத ஒருவர் கையில்.

800 ரூபாய் டேட்டா பேக்கப் என்னவென்றால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு ஃபார்மட் அடித்திருக்கிறார்கள். சித்தப்பா தட்டச்சு செய்வது பாமினியில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு அது. எழுத்துருவை யாரும் திரும்பப் போடவில்லை. இத்தனை வருஷ மறுப்புகளும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நின்றன. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவிதான், அதனால் பக்கம் முழுக்க அரைப்புள்ளி. வைரஸ் தின்றுவிட்டது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துருவை இறக்கிப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனேன். இருபத்தைந்து வயதுப் பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

"எல்லாக் கடையிலயும் இதான் அண்ணாச்சி போடுறோம். ஒரிஜினல்னா நாலு மடங்கு ஆகும்."

"ஒரிஜினல் அதுலயே இருந்துச்சே தம்பி. அதை ஏன் அழிச்சீங்க?"

"அது பத்து, இது பதினொண்ணு அண்ணாச்சி. ஒண்ணு கூடத்தானே?"

முதலாளி வெளியூர் போயிருந்தார். நான் எப்போது போன் செய்தாலும் வெளியூர்தான்.

சரி, லேப்டாப்பை மீட்டது எப்படி என்று கேட்பீர்கள். கடையில் வாங்கும்போதே விண்டோஸ் போட்டு வந்த லேப்டாப் என்றால், அதன் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஃபார்மட் அடித்தாலும் போகாது. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் இருந்தே விண்டோஸ் 10-ஐ பென்டிரைவில் இறக்கி, ஹோம் பதிப்பைத் திரும்ப ஏற்றினேன். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. அப்டேட்களைப் போட்டு முடித்தபின் அந்த நீட்டிப்பு இணைப்பு தெரிந்தது, காசில்லாமல் பதிந்தேன். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். இலவசம், மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், பாமினியும் அதில் வேலை செய்கிறது. அந்நியக் கணக்கில் இருந்த கோப்புகளை இறக்கிக்கொண்டு அங்கே அழித்தேன். அந்தப் பக்கம் நகல் இருக்கிறதா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸைப் போடச் சொல்லும் நண்பர்கள் இப்போதே கை தூக்குவது தெரிகிறது. 2026 அக்டோபருக்குப் பிறகு அதற்குத்தான் வரப்போகிறேன். அதுவரை சித்தப்பாவுக்கு ஸ்டார்ட் பட்டன் இடத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

பணம் விஷயம். ரசீது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். யுபிஐ-யில் கொடுத்திருந்தால் கடைக்காரர் பெயரும் நேரமும் அதில் இருக்கும். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரம், ஆக்டிவேஷன் பக்கத்தின் படம், ஆபீஸில் இருந்த அந்நியப் பெயரின் படம், எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும் முன்பே எடுத்துவையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தோம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தே போடலாம்.

1915-ல் பதிந்ததைச் சொன்ன அன்றைக்கே முதலாளி வெளியூரில் இருந்து திரும்பிவிட்டார். 4,000 ரூபாய் அனுப்பினார். மீதி லேபர் சார்ஜ், பேக்கப் சார்ஜ், தர முடியாது என்கிறார். நான் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சித்தப்பா கேட்பதாக இல்லை. ஆணையத்துக்கான மனுவை அவரே எழுத ஆரம்பித்துவிட்டார், பாமினியில். இப்போதைக்கு பதினொரு பக்கம், இன்னும் ஜிஎஸ்டி வரைதான் வந்திருக்கிறார்.