ஒட்டு விட்டதா, மரம் விட்டதா: பார்சலில் அடிபட்ட பழைய வயலினைத் திருப்பி அனுப்பலாமா, சரிசெய்யலாமா?

ஆன்லைனில் வாங்கிய நூறு வருடத்து வயலின் நாகர்கோவில் வந்து சேரும்போது கழுத்து வேறு, உடல் வேறாகக் கிடந்தால் கை முதலில் ரிட்டர்ன் பட்டனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுக்கலாம். முழுப் பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவது ஒன்று. வயலினை வைத்துக்கொண்டு, ரிப்பேர் செலவை விலையில் கழிக்கச் சொல்வது இன்னொன்று. பெரும்பாலான சேதங்களுக்கு நான் இரண்டாவது கட்சி.

எந்த வழி என்றாலும் முதல் ஒரு மணி நேர வேலை ஒன்றுதான். பெட்டியின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும், உள்ளே அடைத்திருந்த தெர்மோகோலும் படத்தில் இருக்க வேண்டும். எதையும் தூக்கிப் போடக் கூடாது. அடுத்து, தந்திகளைத் தளர்த்துங்கள். முழுச் சுருதியில், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை மேற்பலகையை 7 முதல் 9 கிலோ வரை அழுத்தும். உள்ளே மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் குச்சியான சவுண்டு போஸ்ட் விழுந்திருந்தால் அந்தப் பாரத்தைத் தாங்க ஆளில்லை. "எப்படிப் பேசுகிறது, பார்ப்போம்" என்று சுருதி சேர்க்கும்போதுதான் பல மேற்பலகைகள் பிளக்கின்றன. அசைத்தால் உள்ளே குச்சி உருளும் சத்தம் வந்தால் அது போஸ்ட். விழுந்தது மட்டும்தான் என்றால் அது சேதமே இல்லை, தெரிந்தவர் நிறுத்திக் கொடுத்துவிடுவார். பணப் பேச்சு முடியும்வரை ஒரு துளி பசையும் படக் கூடாது.

திருப்பி அனுப்புவதன் நன்மை தெரிந்ததே: தலைவலி நம்மை விட்டுப் போகிறது. ஆனால் அடிபட்ட வயலின் மறுபடி அதே பாதையில் போகிறது. வழியில் கூடும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டை தனி. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், நாம் கட்டிய சுங்க வரி விற்றவர் திருப்பித் தரும் தொகையில் வராது. வியாபாரி கை விரித்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு முதலில் போன் செய்து பார்க்கலாம். விற்றவர் கடைக்காரர் அல்ல, வீட்டுப் பழம்பொருளை விற்ற தனி ஆள் என்றால் இந்த வழி ரொம்பக் குறுகியது.

முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: விட்டது ஒட்டா, மரமா? பழைய வயலின்கள் வச்சிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால், ஒட்டப்பட்டவை. மேற்பலகையை விளிம்பில் ஒட்டும் வச்சிரத்தை வேண்டுமென்றே நீர்க்க வைப்பார்கள், அடி விழுந்தால் மரம் பிளக்கும் முன் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்று. ஆகவே விளிம்பு வாய் பிளந்து வந்தால் வயலின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஒட்டு விட்ட இடம் சடசடக்கும். இருட்டறையில் சின்ன எல்.இ.டி. விளக்கை எஃப் துளை வழியே உள்ளே விட்டால் விரிசல் வெளிச்சக் கோடாகத் தெரியும்.

கழுத்துக்கு வருவோம். அதன் அடிக்கட்டை சுத்தமாகக் கழன்று பழைய பசை மட்டும் தெரிந்தால் நல்ல சகுனம். பின்பலகையின் உச்சியில் கழுத்தைத் தாங்க நீண்டிருக்கும் அரைவட்ட நாக்கைப் பாருங்கள். அது முறிந்திருந்தால் கதை மாறுகிறது. கர்நாடக முறையில் தரையில் உட்கார்ந்து சுருள்தலையைப் பாதத்தில் ஊன்றுகிறோம். மார்புக்கும் காலுக்கும் இடையில் வயலின் முட்டுக்கொடுத்து நிற்க, கமகத்தில் கை மேலும் கீழும் ஓட, அத்தனை விசையும் அந்த மூட்டில் இறங்குகிறது. தாடையில் பிடித்து வாசிக்கும் சர்ச் கொயர்க்காரருக்கு இந்தக் கவலை குறைவு.

மரமே விட்டிருந்தால் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். மேற்பலகையில் ரேகையோடு ஓடும் விரிசல், போஸ்ட்டும், மேற்பலகையின் உட்புறம் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் கட்டையான பாஸ் பாரும் இல்லாத இடத்தில் என்றால், வச்சிரம் ஊட்டி உட்புறம் மெல்லிய ஸ்ப்ரூஸ் மரத் துண்டுகளை ஒட்டினால் பல்லாண்டு நிற்கும். போஸ்ட்டுக்கு நேர் மேலே என்றால் பலகையைக் கழற்றி, குழித்து, புது மரம் பதிக்க வேண்டும். பின்பலகையில் போஸ்ட் நிற்கும் இடத்திலேயே விரிசல் என்றால் என் கட்சியை நானே கைவிடுகிறேன்: திருப்பி அனுப்புங்கள். மறுவிற்பனையில் அந்த ஒரு விரிசல் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். உள்ளே புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞர் பெயரில் "ஸ்ட்ராடிவாரியஸ்" என்று சீட்டு ஒட்டியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் பக்கம் மொத்தமாகச் செய்த வயலின்களிலும் அதே சீட்டு உண்டு. அப்படிப்பட்ட ஒன்றுக்கு மரம் பதிக்கும் செலவு, வாங்கிய விலையைத் தாண்டிவிடக்கூடும்.

உள்ளூரில் தச்சரிடம் கொடுக்கலாமா? பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைத் தினம் பார்க்கும் மாவட்டம் இது. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. சிக்கல் பசையில். பெவிகால் தந்தி இழுப்பில் மெல்ல நழுவும். விரிசலுக்குள் ஊறிவிட்டால் பிறகு வச்சிரம் பிடிக்காது. எபாக்சி போட்டால் அடுத்த ரிப்பேருக்கு மரத்தையே பெயர்க்க வேண்டும். வச்சிரமோ வெந்நீரில் இளகிக்கொடுக்கும். அதை 60 டிகிரி அளவில் சூடாக்கினால் போதும், கொதிக்கவிட்டால் வலு போய்விடும். வார்னிஷ் பக்கம் ஸ்பிரிட் துணியைக் கொண்டு போகவே கூடாது.

வயலின் ரிப்பேர் மட்டுமே செய்பவரைத் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ பிடித்து, படம் அனுப்பி, செலவை எழுத்தில் வாங்குங்கள். விற்றவரிடம் பேரம் பேச அந்தத் தாள்தான் ஆயுதம். வயலினை இன்னொரு முறை பார்சலில் போடாமல், குதிரையைக் கழற்றி, தந்திகளின் அடிமுனை கோத்திருக்கும் டெயில் பீஸுக்கு அடியில் துணி மடித்து, ரயிலில் கையோடு கொண்டு போங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் வச்சிரம் காயத் தாமதமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை வேலைக்கு நல்ல காலம். திரும்பி வந்த முதல் வாரம் ஒரு கட்டை குறைத்தே சுருதி சேர்த்து வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஜூன் பிறந்ததும் கழுத்து மூட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முடி அளவு இடைவெளி தட்டினால் அன்றே தந்தியைத் தளர்த்த வேண்டும்.